கொடி ஆட்டத்துக்குப் பாட்டுத் தேடுவது எப்படி?

'கலர் கார்ட்' என்றதும் நம் ஊரில் ஆளுக்கு ஒரு அர்த்தம் சொல்கிறார்கள். போனில் விஷயத்தைக் கேட்ட என் மாமியார், "வாட்ச்மேன் வேலைக்கா பொண்ணை அனுப்பறே?" என்றே கேட்டு விட்டார். என் தங்கையோ ஏதோ சாயம் பூசுகிற வகுப்பு என்று நினைத்துக் கொண்டிருந்தாளாம்!

இரண்டும் இல்லை, சகோதரிகளே! 'கலர்ஸ்' என்றால் இங்கே படையின் கொடி. அந்தக் கொடியைக் காத்து ஏந்தி வருகிறவர்கள்தான் கலர் கார்ட். ராணுவத்திலிருந்து வந்த வழக்கம் இது. முதல் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் முன்னாள் படை வீரர்களின் சங்கங்கள் முரசும் பியூகிளும் முழங்கும் வாத்தியக் குழுக்களை நடத்தின. அவற்றின் முன்னால் கொடி பிடித்து நடந்தவர்களின் அணிவகுப்புதான் கொஞ்சம் கொஞ்சமாக மாறி, இன்றைக்கு ஒரு நடனக் கலையாகவே ஆகி விட்டது.

நாங்கள் இருப்பது டெக்ஸாஸ் மாநிலத்தில், டல்லாஸ் நகரை ஒட்டிய ஊர். இங்கே அநேகமாக எல்லா ஹைஸ்கூல்களிலும் பாண்டு வாத்தியமும், அதோடு சேர்ந்த கலர் கார்டும் உண்டு. என் பெண் பத்தாம் வகுப்பு. இரண்டு வருஷமாக ஆடுகிறாள். கையில் சுமார் ஆறடிக் கம்பில் கட்டிய பெரிய கொடி. அந்தத் துணியை 'சில்க்' என்கிறார்கள். பெயர்தான் பட்டு, பெரும்பாலும் பாலியெஸ்டர்! கொடி தவிர, மரத்தில் செதுக்கிய சுடாத துப்பாக்கி ஒன்று, மழுங்கிய கத்தி ஒன்று. இவற்றைச் சுழற்றுவதும், உயரத் தூக்கி எறிந்து பிடிப்பதும், நடுநடுவே நடனமாடுவதும்தான் கலர் கார்ட்.

இலையுதிர் காலத்தில் ஃபுட்பால் மைதானத்தில் பாண்டு வாசிக்கும், பெண்கள் ஆடுவார்கள். அப்போது பாட்டுக் கவலை பாண்டு மாஸ்டருக்கு. குளிர் காலத்தில் வெளியே ஆட முடியாது. ஜிம் என்கிற உள் அரங்கத்தில், தரையில் பெரிய விரிப்பை விரித்து, பதிவு செய்த இசைக்கு ஆடுகிறார்கள். இதற்கு 'விண்டர் கார்ட்' என்று பெயர். இதற்கென்றே 1977-ல் 'விண்டர் கார்ட் இன்டர்நேஷனல்' என்ற அமைப்பு ஏற்பட்டது. ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் ஏப்ரலில் நடக்கும் அவர்களுடைய இறுதிப் போட்டிக்குப் போவது இந்தப் பெண்களுக்குக் கனவு.

குழுப் போட்டி தவிர, தனியாக ஆடுவதற்கும், நாலைந்து பேர் சேர்ந்து ஆடுவதற்கும் தனிப் போட்டிகள் உண்டு. இவற்றுக்குப் பாட்டைப் பெண்களே தேர்ந்தெடுத்துக் கொள்ள வேண்டும். அங்கேதான் வந்தது எங்கள் வீட்டில் தலைவலி!

பிடித்த பாட்டு, பிடிக்காத கொடி

என் பெண் தனக்கு உயிரான ஒரு பாட்டை எடுத்துக் கொண்டாள். வேகமான பாட்டு. அவள் வயதுப் பெண்கள் எல்லோரும் முணுமுணுக்கிற பாட்டு. அதற்கு ஆறு வாரம் பழகினாள். கொடியைத் தூக்கி எறிகிற இடம் மூன்று. மூன்றிலும் பாதி நாள் கொடி கீழே விழுந்தது. பின்கட்டுப் புல்தரையில் கம்பு விழுகிற சத்தம் சமையலறையில் எனக்குக் கேட்கும். கம்பின் முனை பட்டு மணிக்கட்டு வீங்கி விட்டது.

இந்தப் பெண் இயல்பிலேயே வாய் திறந்து பேசாதவள். வேறு ஊரிலிருந்து இங்கே குடி வந்த பிறகு, ஒரு வருஷம் மத்தியானச் சாப்பாட்டைத் தனியாக உட்கார்ந்தே சாப்பிட்டிருக்கிறாள் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவளுக்கு நாலு சிநேகிதிகளைத் தேடிக் கொடுத்தது இந்தக் கலர் கார்ட்தான். அப்படிப்பட்டவள் ஒரு நாள் சாயங்காலம் கொடியைச் சுருட்டி மூலையில் வைத்து விட்டு, "எனக்கு இது வராதும்மா. நான் நின்னுடறேன். கோச்கிட்ட நீயே சொல்லிடு" என்றாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. போட்டி போனால் போகிறது. மறுபடியும் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற பெண்ணாகப் போய் விடுவாளே!

கோச்சிடம் போனோம். நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு அம்மாள். ஒரு தடவை ஆடச் சொல்லிப் பார்த்தாள். பிறகு பாட்டை நிறுத்தி விட்டு, "இப்போது பாட்டில்லாமல் எறி" என்றாள். பத்துத் தடவை எறிந்தாள் என் பெண். ஒன்பது தடவை சரியாகப் பிடித்தாள்! "உன் கையில் குறை இல்லை, பாட்டின் வேகம்தான் உனக்கு ஒத்து வரவில்லை" என்றாள் கோச்.

காற்றில் போனது காத்திருக்காது

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பாட்டுத் தேர்வில் முக்கியமான சங்கதி இதுதான்.

மேலே எறிந்த பொருள் எத்தனை நேரம் காற்றில் இருக்கும் என்பது அது போகும் உயரத்தைப் பொறுத்தது. பாட்டு வேகமாகப் போகிறதே என்று அது சீக்கிரம் இறங்காது. என் பெண் எறிகிற கொடி கைக்கு மேல் சுமார் பத்தடி போகிறது. அது போய்த் திரும்ப ஒன்றரை விநாடிக்குச் சற்றுக் கூடுதலாக ஆகிறது. என் கணவர் கணக்குப் போட்டுச் சொன்னார். போனில் இருக்கும் ஸ்டாப் வாட்சை வைத்து நானும் சரிபார்த்து விட்டேன்.

அவள் எடுத்திருந்த பாட்டில் நிமிடத்துக்கு 128 தட்டு. அதாவது ஒரு தட்டுக்கு அரை விநாடிக்கும் குறைவு. கொடி திரும்பி வரும்போது மூன்றாவது தட்டு முடிந்திருக்கும், நாலாவது வந்திருக்காது. தாளத்தில் பிடிக்க வேண்டும் என்று அவள் மூன்றாவது தட்டிலேயே கையை நீட்டுவாள். கொடி இன்னும் மேலே இருக்கும். விழாமல் என்ன செய்யும்? அந்தப் பாட்டில் தாளத்தோடு பிடிக்க வேண்டுமானால், எட்டடிக்குக் குறைத்து எறிந்து மூன்றாவது தட்டில் பிடிக்கலாம். இல்லாவிட்டால் பதினாலடிக்கு எறிந்து நாலாவதில் பிடிக்கலாம். முதலாவதில் கொடி முழுச் சுற்றுச் சுற்றி முடிக்காது. இரண்டாவதற்கு அவள் தோளில் இன்னும் பலம் வர வேண்டும்.

அதே கொடியை நிமிடத்துக்கு 76 தட்டு உள்ள பாட்டில் எறிந்தால், சரியாக இரண்டாவது தட்டில் கைக்கு வந்து சேர்கிறது! அவளுக்கே ஆச்சரியம். "நான் ஒண்ணும் புதுசா பண்ணலையேம்மா!" என்று திரும்பத் திரும்ப எறிந்து பார்த்தாள். அன்று ராத்திரி இரண்டு தோசை கூடச் சாப்பிட்டாள்.

ஆகவே முதல் வேலை, குழந்தை எறிந்து பிடிக்கும் நேரத்தை அளப்பது. அதற்கப்புறம் பாட்டைத் தேடுவது. இப்போது செல்போனிலேயே தாளத்தைத் தட்டினால் நிமிடத்துக்கு எத்தனை என்று காட்டும் வசதி இருக்கிறது. இல்லாவிட்டாலும் கவலையில்லை. கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து விநாடியில் எத்தனை தட்டு என்று எண்ணி நாலால் பெருக்கினால் போதும்.

எட்டுக்குள் எல்லாம்

கலர் கார்டில் எல்லாவற்றையும் எட்டு எட்டாக எண்ணுகிறார்கள். "ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட்!" என்று கோச் கத்துவது தெருமுனை வரை கேட்கும். எனக்கு அதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. நம் ஆதி தாளம் எட்டு அட்சரம்தானே! சின்ன வயதில் வர்ணம் வரை பாட்டுக் கற்றுக் கொண்ட எனக்கு, வீட்டில் உட்கார்ந்தபடியே தொடையில் தட்டி எண்ணிக் கொடுக்க முடிந்தது.

ஆனால் எல்லாப் பாட்டும் எட்டுக்குள் அடங்காது. 1959-ல் வந்த 'டேக் ஃபைவ்' என்ற பிரபலமான ஜாஸ் இசை ஐந்து ஐந்தாகப் போகும். தக தகிட என்று நம் கண்ட நடை மாதிரி. கேட்கச் சுகம்தான். புதிதாக ஆடுகிறவர்கள் கால் மாற்றிக் குழம்பி விடுவார்கள். டெபுஸியின் 'கிளேர் டி லூன்' என்ற பியானோ இசை மும்மூன்றாகப் போவது. அதிலும் வாசிக்கிறவர் நெஞ்சுக்குத் தோன்றியபடி இழுத்தும் விட்டும் வாசிப்பார். தனியாக ஆடுகிறவள் அதை மனப்பாடமாகக் கேட்டுக் கேட்டு ஆடலாம். ஐந்து பேர் ஒரே சமயத்தில் கொடியை எறிய வேண்டுமென்றால் கஷ்டம். ஒருத்தி அரை விநாடி பிந்தினாலும் பார்க்கிறவர் கண்ணுக்கு அதுதான் முதலில் படும்.

குழுவுக்கு வசதியானது திரும்பத் திரும்ப ஒரே சட்டத்தில் வருகிற இசை. பாக்கெல்பெல் என்பவரின் 'கேனன்' அதற்கு நல்ல உதாரணம். அடியில் எட்டு ஸ்வரங்கள் கொண்ட ஒரே வரி 28 தடவை வரும். மேலே மெட்டு மட்டும் மாறிக் கொண்டே போகும். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக்கூட எங்கே இருக்கிறோம் என்பது மறக்காது.

இசைக்கு ஏற்றமும் இறக்கமும் இருக்க வேண்டும். தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே சத்தமாகப் போகிற பாட்டில் கொடியை எங்கே எறிந்தாலும் எடுபடாது. மெதுவாகத் தொடங்கி, ஒரு இடத்தில் பொங்கி, பிறகு அடங்க வேண்டும். பால் பொங்கும் நேரம் பார்த்து நாம் அடுப்பை அணைக்கிற மாதிரி, பாட்டுப் பொங்குகிற அந்த ஒரு இடத்துக்குத்தான் பெரிய வீச்சை வைக்கிறார்கள். சில இசை பொங்குவதற்கு வெகு நேரம் எடுத்துக் கொள்ளும். ராவெல் 1928-ல் அமைத்த 'பொலேரோ' ஒரே தாளத்தில் கால் மணி நேரம் ஏறிக் கொண்டே போகும். அதில் இரண்டு நிமிடம் வெட்டி எடுத்தால், ஏறுகிற சுகம் அந்தத் துண்டில் வராது.

வார்த்தைகளைக் கேளுங்கள்

என் பெண்ணும் அவள் சிநேகிதிகள் மூன்று பேரும் சேர்ந்து நால்வர் ஆட்டம் ஒன்றுக்கும் பெயர் கொடுத்திருந்தார்கள். ஒருத்தி, மகளை வளர்த்து ஆளாக்கும் தகப்பனைப் பற்றிய ஒரு பாட்டைச் சொன்னாள். மெட்டு அருமை, வேகமும் பொருத்தம். மற்ற இரண்டு பேரும் உடனே "சரி" என்றார்கள். நாலாவது பெண் ஒன்றும் பேசவில்லை. அவளுக்கு முந்தின வருஷம்தான் அப்பா தவறி விட்டார்.

இது என் பெண்ணுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. "அவ ஆடறேன்னுதான் சொல்றாம்மா. ஆனா அந்த வரி வரும்போது மூஞ்சியைத் திருப்பிக்கறா" என்றாள். "அவளை எல்லார் எதிரிலேயும் கேட்காதே, தனியா கேளு" என்றேன். தனியாகக் கேட்டதில், அந்தப் பெண் அழுதாளாம். போட்டிக்கு மூன்று வாரமே இருந்தது. ஆனாலும் பாட்டை மாற்றினார்கள். மற்ற இரண்டு பேரில் ஒருத்திக்குக் கோபம்தான். "இத்தனை நாள் பழகினது வீணா?" என்றாள். கோச் எடுத்துச் சொன்ன பிறகு சமாதானம் ஆனாள். ஆனால் பழகியது வீணாகவில்லை. அதே வேகத்தில், வார்த்தை இல்லாத இசையாக எடுத்ததால், அடவுகளில் முக்கால்வாசி அப்படியே பொருந்தியது.

பாட்டில் வார்த்தை இருந்தால் முழுவதையும் ஒரு தடவையாவது நிதானமாக உட்கார்ந்து கேட்க வேண்டும். பெண்கள் மெட்டில் மயங்கி விடுகிறார்கள். நடுவில் கெட்ட வார்த்தை வரலாம். குடிப்பதையும், தன்னையே வருத்திக் கொள்வதையும் பெருமையாகச் சொல்லும் வரிகள் வரலாம். இவை நடுவர்களுக்கும் பிடிப்பதில்லை, பெற்றோருக்கும் பிடிப்பதில்லை. "நான் வரியைக் கேக்கறதே இல்லைம்மா" என்று பெண் சொல்வாள். ஜிம்மில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்கள் கேட்பார்களே!

நம் பாட்டை வைக்கலாமா?

எனக்கும் ஆசை இல்லாமலா? வீணையில் ஒரு ஆலாபனையை எடுத்துக் கொடுத்தேன். பெண் இரண்டு நாள் முயன்றாள். ராகம் இழைந்து இழைந்து போகிறது, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆலாபனையில் தாளக் கட்டு கிடையாது. எங்கே எறிவது, எங்கே பிடிப்பது என்று அவளுக்குப் பிடி கிடைக்கவில்லை. தில்லானாவைப் போட்டுப் பார்த்தோம். அதில் ஜதிகள் அடுக்கடுக்காக வருகின்றன. பாதத்துக்குப் பொருந்தும், ஆறடிக் கொடி அத்தனை சீக்கிரம் திரும்பாது. தாளத்தோடு நிதானமாகப் போகும் புல்லாங்குழலோ வயலினோ கிடைத்தால் நன்றாகப் பொருந்தும் என்று கோச்சே சொன்னாள். அடுத்த வருஷத்துக்கு இப்போதிருந்தே தேடிக் கொண்டிருக்கிறோம்.

சுவாமி பாட்டு மட்டும் வேண்டாமென்று நானே சொல்லி விட்டேன். கத்தி, துப்பாக்கிச் சுழற்றலுக்கு நடுவே அது எனக்கு ஒப்பவில்லை. அவரவர் மனசு.

வெட்டுவது, ஒட்டுவது, எடுத்துப் போவது

பாட்டு நாலு நிமிடம் இருக்கும். தனி ஆட்டத்துக்குப் பெரும்பாலும் அதில் பாதி கூட வேண்டாம். எத்தனை நிமிடம் என்பது போட்டிக்குப் போட்டி மாறும். விதியைப் படித்து விட்டுத்தான் வெட்ட வேண்டும். 'ஆடாசிட்டி' என்று இலவசமாகக் கிடைக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமில் என் பெண்ணே வெட்டி ஒட்டினாள். ஒரு எட்டு முடிகிற இடத்தில்தான் வெட்ட வேண்டும். நடு எட்டில் வெட்டினால், நம் காதுக்குத் தெரியாவிட்டாலும் ஆடுகிற காலுக்குத் தெரிந்து விடும். முடிவும் திடீரென்று நிற்கக் கூடாது. கொடி அடங்கி நிற்க இரண்டு மூன்று விநாடி இசை மிச்சம் இருக்கட்டும்.

இசை அதை உருவாக்கியவரின் உடைமை என்பதையும் மறக்கக் கூடாது. டெபுஸி காலமானது 1918-ல். அவர் அமைத்த மெட்டு இன்று பொதுச் சொத்து. ஆனால் போன வருஷம் ஒருவர் அதை வாசித்துப் பதிவு செய்திருந்தால், அந்தப் பதிவு அவருடையதுதான். போட்டி நடத்துகிறவர்கள் அனுமதி பற்றி என்ன கேட்கிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்து விடுங்கள். வீடியோ எடுத்து இன்டர்நெட்டில் போட்டால், பாட்டுக்கு உரியவர் ஆட்சேபித்துச் சத்தத்தை நீக்கி விடக் கூடும்.

ஜிம் என்பது எதிரொலிக்கிற பெரிய கூடம். வீட்டில் தெளிவாகக் கேட்ட தாளம் அங்கே குழம்பி விடும். ஒரு தடவையாவது அங்கே போட்டுப் பார்க்க வேண்டும். பாட்டைப் போனில் ஒன்றும், பென் டிரைவில் ஒன்றுமாக இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். போனில் போடுவதானால், அழைப்பு வராதபடி ஏரோப்ளேன் மோடில் வைத்து விடுங்கள். எங்கள் போட்டியில் ஒரு பெண் ஆடும்போது நடுவில் போன் மணி அடித்து விட்டது. பாவம், அந்தக் குழந்தை ஆட்டத்தை நிறுத்தாமல் தொடர்ந்தாள். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினோம்.

என் பெண் கடைசியில் எடுத்துக் கொண்டது பியானோவும் செல்லோவும் சேர்ந்த, வார்த்தையில்லாத இசை. நிமிடத்துக்கு 76 தட்டு. அவளுக்கு உயிரான அந்தப் பழைய பாட்டு அளவுக்கு இது பிடித்ததா என்று கேட்டால், முதலில் இல்லை. நூறு தடவை கேட்ட பிறகு பிடித்து விட்டது. போட்டியில் மூன்று வீச்சில் இரண்டைப் பிடித்தாள். ஒன்று விழுந்தது. குனிந்து எடுத்து, சரியாக அடுத்த எட்டில் சேர்ந்து கொண்டாள். கிடைத்தது இரண்டாம் தரம். இப்போதும் வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் பின்கட்டில் கம்பு விழுகிற சத்தம் கேட்கிறது. முன்னைவிடக் குறைவாக!

நம் ஊர்ப் பள்ளிகளிலும் ஆண்டு விழாவுக்குக் கொடி டிரில், வளைய டிரில், கோலாட்டம் என்று எத்தனையோ வைக்கிறார்கள். அவற்றுக்குப் பாட்டுத் தேடும் தாய்மார்களும் இவற்றைக் கவனிக்கலாம்:

குழந்தையின் கை கால் வேகத்தை முதலில் பாருங்கள். பாட்டின் புகழ் அப்புறம்.

எட்டு எட்டாக எண்ணிப் பாருங்கள். நீங்களே குழம்பினால் குழந்தையும் குழம்பும்.

பாட்டுப் பொங்குகிற இடம் ஒன்றாவது இருக்கிறதா என்று கேளுங்கள்.

வார்த்தைகள் கூட ஆடும் எந்தக் குழந்தையின் மனசையும் நோகடிக்காமல் இருக்கட்டும்.

ஒரே பாட்டைக் கொடுக்காமல் மூன்று பாட்டைக் கொடுத்து, மூன்றுக்கும் ஆடச் சொல்லி, எதில் கை தானாக உயர்கிறது என்று பாருங்கள். முடிவைக் குழந்தையிடமே விடுங்கள். ஆடப் போவது அவள்தானே!